மூச்சையும் சேர்த்துக் கொடு

அஸ்ஸலாமு அலைக்கும், சகோதரிகளே. என் பெயர் மைமூன். எழுதிப் பழக்கமில்லாதவள். பேசிப் பழக்கம் உண்டு. அதைப் பற்றி எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். படைத்தவன் எனக்குச் செய்த உபகாரத்தை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டால் நன்றி கெட்டவளாகிவிடுவேன் என்று பயந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

1979-ம் வருஷம், ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த சமயம். மதுரை தெற்குவாசல் பக்கம் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான், என் வீட்டுக்காரர், இரண்டு பெண் பிள்ளைகள், என் மாமியார். என் வீட்டுக்காரர் கல்யாண வீடுகளுக்கு பிரியாணி ஆக்குகிறவர். எங்கள் வீட்டு மாடிப்படி செங்குத்தாக இருக்கும். அந்த வருஷம் அந்தப் படியில் பாதி ஏறுவதற்குள் எனக்கு மூச்சு முட்டிவிடும். தண்ணீர்க் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவேன். மாமியோடு வாய்ச்சண்டை போடும்போதும் இதே கதைதான். நடுவில் எனக்கு மூச்சு வாங்கும். மாமி நியாயமானவர். நான் மூச்சு வாங்கி முடிக்கும் வரை காத்திருந்து, பிறகுதான் பதில் சொல்வார்.

சின்ன வயதில் எனக்கு முட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்ததாம். அந்தக் காய்ச்சல் இதயத்தையும் தொட்டுவிட்டுப் போனது யாருக்கும் தெரியாது. இரண்டாவது பிரசவத்தில் உயிர் போய்த் திரும்பியது. இனி பிள்ளை வேண்டாம் என்று அப்போதே சொல்லி அனுப்பினார்கள். நாங்களும் சரி என்றுதான் இருந்தோம். அப்படியும் மூன்றாவதாகத் தங்கிவிட்டது.

முன்பு பிள்ளை பெற்ற ஆஸ்பத்திரியிலேயே போய்க் காட்டினேன். அங்கிருந்த டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"ஒங்க நெஞ்சுக்குள்ள ஒரு கதவு சுருங்கிப் போயிருக்கும்மா. ரத்தம் போக வழியில்ல. வயித்துல பிள்ள வளர வளர இந்த நெஞ்சு தாங்காது. இப்பவே எடுத்துர்றதுதான் நல்லது. சட்டத்துலயும் அதுக்கு இடமிருக்கு. இருக்குற ரெண்டு பிள்ளைகளுக்குத் தாய் வேணுமில்ல?"

அந்த டாக்டரம்மாவைப் பற்றி யாரும் தப்பாக நினைத்துவிடாதீர்கள். அவர் நல்லவர். இதைச் சொல்லும்போது அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். நான்தான் அன்று வீடு வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசாமல் இருந்ததைப் பார்த்தே என் வீட்டுக்காரருக்கு உயிர் போய்விட்டது.

மாமி எனக்கு எதிராக நிற்பார் என்றுதான் நினைத்தேன். பேரன் வேண்டும் என்று நேர்ச்சை வைத்திருந்தவர் அவர். ஆனால் விஷயத்தைக் கேட்டதும் அடுப்படியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "எனக்குப் பேரனும் வேணாம், பேத்தியும் வேணாம். நீ இரு, அது போதும்" என்றார். உங்களோடு சண்டை போட ஆள் வேண்டும் அல்லவா என்று நான் கேட்டேன். "ஆமா, வேணும்" என்று சொல்லிவிட்டு இன்னும் அழுதார்.

எடுத்துவிடுவது என்று எளிதாகச் சொல்கிறோம். எதை எடுப்பது? அங்கேதான் என் மனம் முட்டிக்கொண்டு நின்றது. நாலு மாதத்தில் மலக்கு என்கிற வானவர் வந்து ரூஹை, அதாவது உயிரை, ஊதிவிட்டுப் போகிறார் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். அதற்கு முன்னால் இருப்பது வெறும் சதைதானே என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. சதைதான். ஆனால் வரப்போகிற ஒருவருக்காக விரித்துவைத்த பாய் அது. விருந்தாளி இன்னும் வரவில்லை என்பதற்காகப் பாயைச் சுருட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு பக்கம் என் இரண்டு பிள்ளைகளும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. நான் போய்விட்டால் அதுகளுக்கு யார் தலை வாரிவிடுவார்கள்? இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து தவித்தேன்.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்போம் என்று போனோம். நான் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். வறுமைக்குப் பயந்து பிள்ளையை அழிக்க மார்க்கத்தில் இடமில்லை, ஆனால் ரூஹ் ஊதப்படுவதற்கு முன்னால், அதுவும் தாயின் உயிருக்கே ஆபத்து என்று நம்பிக்கையான டாக்டர் சொன்னால், அனுமதி உண்டு என்றார். அனுமதி என்றால் கட்டளை இல்லை என்றும் சொன்னார். இஸ்திகாரா செய்துகொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

இஸ்திகாரா என்றால், எது நன்மை என்று தெரியாமல் திகைக்கும்போது இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு, நல்லதை எனக்கு லேசாக்கு, கெட்டதை என்னைவிட்டுத் திருப்பு என்று இறைவனிடமே பொறுப்பை விடுவது. இவ்வளவுதான். ஆனால் எங்கள் தெருவில் அதை ஒரு கனவுக் கச்சேரி ஆக்கி வைத்திருந்தோம். தொழுதுவிட்டுப் படுக்க வேண்டும், கனவு வரும், கனவில் வெள்ளையோ பச்சையோ தெரிந்தால் நல்லது, கறுப்போ சிவப்போ தெரிந்தால் கெட்டது. காரியம் யாருடையதோ அவர்தான் தொழ வேண்டும் என்றுகூட இல்லை. பக்தியான ஆளாகப் பார்த்து நமக்காகத் தொழச் சொல்லலாம் என்று ஒரு வழக்கம்.

எனக்குப் பதிலாக மாமி தொழுதார். எனக்குத்தான் படுக்கவே முடியாதே. படுத்தால் மூச்சு திணறும். சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். தூக்கமே இல்லாதவளுக்குக் கனவு எங்கிருந்து வரும்? மாமிக்கு வந்தது. பிரியாணி ஆக்குகிற பெரிய செம்பு தேக்சா ஒன்று, வாயில் வெள்ளைத் துணி கட்டி மூடியிருந்ததாம். வெள்ளைத் துணி தெரிந்ததால் நல்லது என்றார் ஒருவர். செம்பு சிவப்புதானே, அதனால் கெட்டது என்றார் இன்னொருவர். வெள்ளைத் துணி இறந்தவருக்குச் சுற்றுகிற கஃபன் துணியாகவும் இருக்கலாமே என்று மாமியே ஒரு நாள் கிளப்பிவிட்டு, அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

என் வீட்டுக்காரர் பேச்சுக் குறைவானவர். அவர் மட்டும், "தம்ல இருக்குற தேக்சாவ நேரத்துக்கு முன்னாடி தெறக்கக் கூடாது. எனக்கு அம்புட்டுத்தான் தெரியும்" என்றார். சமையல்காரருக்குக் கனவைச் சொன்னால் வேறு எப்படி அர்த்தம் வரும் என்று நான் சிரித்தேன். சிரித்ததில் இருமல் வந்து அடங்க வெகுநேரம் ஆயிற்று.

ஒரு கனவு போதாது என்று ஒத்தக்கடையில் இருந்த மாமியின் தங்கையைத் தொழச் சொன்னார்கள். அவர் கனவில் பச்சைக்கிளி வந்ததாம். பச்சை, ஆகவே நல்லது. ஆனால் கிளி பறந்துவிட்டதாம், ஆகவே கெட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். முஹர்ரம் போனது. ஸஃபர் போனது. அந்த இரண்டு மாதமும் எங்கள் பக்கத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பதால் என் வீட்டுக்காரருக்கு வேலை இல்லை. தேக்சாக்களை இறக்கித் துலக்குவார், மறுபடி அடுக்குவார். டாக்டரம்மா என்னை வரச் சொல்லி ஆஸ்பத்திரி ஆயாவிடம் சொல்லிவிட்டபடியே இருந்தார். நாங்கள் கனவுக்குக் காத்திருந்தோம்.

பிறகு ஒரு நாள் காலை, பிள்ளைகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். வயிற்றுக்குள் ஒரு சின்ன அசைவு. குளத்துத் தண்ணீரில் கால் வைத்தால் மீன்குஞ்சு தொட்டுவிட்டுப் போகுமே, அப்படி. சீப்பைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நாங்கள் கனவை அலசிக்கொண்டிருந்தபோதே விருந்தாளி வந்து உட்கார்ந்துவிட்டார். சந்தோஷமும் பயமும் ஒன்றாக வந்தன. எது எது என்று பிரிக்கத் தெரியவில்லை.

அன்றே ஹஜ்ரத்திடம் போனோம். நடந்ததையெல்லாம் மாமி சொன்னார். கிளியைச் சொல்லும்போது ஹஜ்ரத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"கனவு கேக்கச் சொல்லி யாரு சொன்னா? வழியக் கேக்கத்தானே சொன்னேன். வயித்துல சொமக்குறது இந்தப் பொண்ணு. கேக்க வேண்டியதும் இந்தப் பொண்ணுதான். இவ ஒரு தடவையாவது கேட்டாளா?"

நான் கேட்கவில்லை. எனக்காக ஊரே கேட்டது, நான் கேட்கவில்லை. அவர் சாந்தமாகி, இப்போதும் தாயின் உயிரைக் காப்பாற்றுவதுதான் முதல் கடமை, டாக்டரிடம் போவதை நிறுத்தாதீர்கள், கேட்பதையும் நிறுத்தாதீர்கள் என்று சொன்னார்.

மறுநாள் முற்பகல். தெருவில் ஈயம் பூசுகிறவரின் சத்தம், பக்கத்து வீட்டு ரேடியோ, பிள்ளைகளின் கூச்சல். அந்தச் சந்தடியிலேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்து தொழுதேன். பல மாதங்களாக எனக்கு ஸஜ்தா செய்ய முடியவில்லை. நெற்றியைத் தரையில் வைக்கக் குனிந்தால் யாரோ கழுத்தை நெரிப்பது போல இருக்கும். தலையை மட்டும் கொஞ்சம் தாழ்த்துவேன். அரபியில் ஓத வேண்டியதை ஓதினேன். பிறகு என் பாஷையில் கேட்டேன். "யா அல்லாஹ், எனக்குக் கனவு வேண்டாம். நீ அனுப்பின உயிரை நான் திருப்பி அனுப்பவில்லை. ஆனால் அதைச் சுமக்க என்னிடம் மூச்சு இல்லை. கொடுக்கிறதானால் மூச்சையும் சேர்த்துக் கொடு." எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. அழுதேன். அழுவதற்கும் மூச்சு போதவில்லை.

அந்த வாரமே என் நிலைமை மோசமானது. பதில் அப்படித்தான் வரும் என்று எனக்கு அப்போது தெரியாது. காலையில் இருமியபோது இளஞ்சிவப்பாக நுரை வந்தது. கல்யாணங்கள் மறுபடி தொடங்கியிருந்தன. என் வீட்டுக்காரர் கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு நிக்காஹ்வுக்கு தேக்சாக்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தார். மாமி ஒரு ரிக்‌ஷாவைப் பிடித்து, என்னை மடியில் சாய்த்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். வழியெல்லாம் சத்தம் போட்டு ஓதிக்கொண்டே வந்தார். என் காதில் அவர் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது.

ஊசி போட்டு, மூக்கில் காற்றுக் குழாய் வைத்து, ஒருவாறு தேற்றினார்கள். இரண்டாம் நாள் நெஞ்சு அறுவை செய்கிற பெரிய டாக்டர் வந்து பார்த்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முதல் டாக்டர் சொல்லி இத்தனை நாளாயிற்றே, இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். மாமிக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"கனவு பாத்துக்கிட்டு இருந்தோம், சார்."

டாக்டர் மாமியை ஒரு நிமிஷம் பார்த்தார். கூட நின்ற சின்ன டாக்டர்கள் சிரிப்பை அடக்கினார்கள். அவர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"அந்தச் சுருங்கின கதவ வெரல விட்டுத் தெறந்து விடுறதுக்கு ஆபரேஷன் இருக்கும்மா. பிள்ளய எடுக்காமலே செய்யலாம். செய்றதுக்கு இந்த மாசந்தான் தோது. முன்னாடியே வந்திருந்தீங்கன்னா நான் கத்தி வச்சிருக்க மாட்டேன். இன்னும் தள்ளிப் போனாலும் வைக்க மாட்டேன்."

இரண்டு உயிருக்குமே ஆபத்து உண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னார். என் வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போட்டார். எங்கள் முட்டாள்தனத்தில் வீணாய்ப் போனது என்று நினைத்த நாட்களைப் படைத்தவன் வீணாக்கவில்லை என்று எனக்கு அப்போது புரிந்தது. நெஞ்சு நிறைந்துவிட்டது.

பக்கத்துக் கட்டிலில் பேச்சியம்மாள் இருந்தாள். பரவை ஊர். காய்கறித் தோட்டம் போட்டு மார்க்கெட்டில் விற்கிற குடும்பம். அவளுக்கும் என் வியாதிதான். அவளுடைய முதல் பிள்ளையை மூன்றாம் மாதத்திலேயே, உயிருக்கு ஆபத்து என்று, வேறொரு இடத்தில் எடுத்துவிட்டிருந்தார்கள். இப்போது அதே ஆபரேஷனுக்குக் காத்திருந்தாள். என் வயிற்றை அடிக்கடி பார்ப்பாள். பொறாமை இல்லை அது. ஏதோ கேட்க நினைத்துக் கேட்காமல் இருந்தாள். அவளுக்கு ஆபரேஷன் என்று சொன்ன நாள் காலையில் கேட்டாள்.

"பாயம்மா, அந்த உசுரு எங்க போயிருக்கும்?"

எனக்கு வாய் நீளம் என்று சொன்னேன் அல்லவா. அன்று வார்த்தை கிடைக்காமல் திண்டாடினேன். எங்கள் மார்க்கத்தில் நாலு மாதத்தில்தான் உயிர் ஊதப்படும், உன் பிள்ளைக்கு அது இன்னும் அனுப்பப்படவில்லை, படைத்தவனிடமே பத்திரமாக இருக்கும் என்றேன். முன்னால் போய்விட்ட பிள்ளைகள் சொர்க்கத்து வாசலில் தாய்க்காகக் காத்திருக்கும் என்று கேட்டிருப்பதையும் சொன்னேன். அது எந்தத் தாய்க்கு, எந்த மதத்துத் தாய்க்கு என்றெல்லாம் யாராவது என்னைக் கேட்கலாம். அந்தக் கட்டிலுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு கேட்டிருந்தால் தெரியும். அவள், "எங்கூர்ல, அதே வவுத்துக்குத் திரும்பி வரும்பாக" என்றாள். எனக்காகவும் உங்க சாமிகிட்ட கேளுங்க என்றாள். கேட்டேன். எனக்குக் கேட்டதையே அவளுக்கும் கேட்டேன்.

அவள் பிழைத்து வந்தாள். பேச முடியாமல் கையை மட்டும் தூக்கி, பயப்படாதே என்பது போல எனக்கு ஆட்டினாள். அடுத்து என்னைக் கொண்டுபோனார்கள். மயக்கம் வருவதற்கு முன் வயிற்றில் கை வைத்துக் கலிமா சொன்னேன். கண் விழித்தபோது நெஞ்சுக்கு இடப்புறம் நெருப்பு வைத்தது போல எரிந்தது. அந்த எரிச்சலுக்கு உள்ளே ஒன்று புதிதாக இருந்தது. மூச்சு. இழுத்தேன், உள்ளே போனது. இன்னும் இழுத்தேன், இன்னும் போனது. வயிற்றுக்குள் மீன்குஞ்சும் அசைந்தது. ஒரு கிணற்றுத் தண்ணீரே குடிக்கக் கிடைத்தவள் போல இழுத்து இழுத்து மூச்சு விட்டேன். நர்சம்மா ஓடிவந்து, ஏன் அழுகிறாய், வலிக்கிறதா என்றார். வலிக்கிறது என்று சொன்னேன். அல்ஹம்துலில்லாஹ் என்றும் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

1980-ல், ரமலானுக்கு முந்தின ஷஃபான் மாதத்தில், சுகப்பிரசவம். பெண். ஹயாத்துன்னிஸா என்று பெயர் வைத்தோம். ஹயாத் என்றால் வாழ்வு. பேரனுக்கு நேர்ந்திருந்த மாமி பேத்தியைத் தரையில் விடவில்லை. பிள்ளை பிறந்ததற்கான அகீகா விருந்துக்கு என் வீட்டுக்காரர் தன் கையால் பிரியாணி ஆக்கினார். தால்சாவுக்குக் கத்திரிக்காய் பரவையிலிருந்து வந்தது. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பேச்சியே வந்தாள். எங்கள் செங்குத்துப் படியில் நிற்காமல் ஏறி வந்தாள். அதைப் பார்த்தே எனக்குக் கண் நிறைந்தது.

பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டாள். வெகுநேரம் அதன் முகத்தைப் பார்த்தாள்.

"பாயம்மா, எம்புள்ளதான் இது. வழி தெரியாம ஒங்க வீட்டுக்கு வந்துருச்சு. நல்ல வீட்டுக்குத்தான் வந்துருக்கு."

மாமி வாயைத் திறந்தார். நான் கண்ணால் வேண்டாம் என்றேன். மறுபிறவி என்பது நம் நம்பிக்கையில் இல்லை. அது எனக்குத் தெரியும். எடுத்துச் சொல்லவும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அந்த மடியில் என் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. "வச்சுக்க பேச்சி, எம்புட்டு நேரம் வேணும்னாலும் வச்சுக்க" என்றேன். அதற்குப் பிறகு மாமி அவளுக்குப் பெரிய தட்டில் சோறு போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினார்.

சகோதரிகளே, இதைப் படிக்கிறவர்களில் இப்படி ஒரு தவிப்பில் யாராவது இருக்கலாம். உயிர் நம்முடைய பொருள் இல்லை, அமானிதம், நம்மை நம்பி ஒப்படைத்தது. அவசரத்துக்கும் வசதிக்கும் அதைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள் என்பதை மனமாரச் சொல்கிறேன். அதே வாயால் இன்னொன்றும் சொல்கிறேன். உயிர் பிழைப்பதற்காக வேறு வழியில்லாமல் ஒரு பெண் இழந்துவிட்டு நின்றால், அவளைக் கேள்வி கேட்க நீங்கள் முந்தாதீர்கள். அவளுக்குள் ஒரு கேள்வி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. கனவுக்குக் காத்திருக்காதீர்கள். அடுத்தவரைக் கேட்கச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். டாக்டரிடம் போங்கள். போவதற்கு முன்னும் பின்னும் நீங்களே, உங்கள் வாயால், உங்கள் பாஷையில் கேளுங்கள். எனக்குக் கொடுத்தவனுக்கு உங்களுக்குக் கொடுப்பது பாரமில்லை.

ஹயாத்து இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வாய் என்னைவிட நீளம். மாமியும் நானும் இப்போதும் சண்டை போடுகிறோம். நான் நடுவில் நிறுத்துவதில்லை என்று மாமிக்கு வருத்தம். பேச்சிக்கு அதன் பிறகு பிள்ளை தங்கவில்லை. மார்க்கெட்டுக்கு வருகிற நாளெல்லாம் வந்துவிடுவாள். ஹயாத்து அவளைப் பரவையம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

அவர்கள் இருவரும் கூடத்தில் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது நான் உள்ளே தொழுவேன். என் நெற்றி இப்போது தரையில் படுகிறது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஸஜ்தாவில் இருக்கலாம். மூச்சு தடங்கலில்லாமல் வந்து போகிறது. முதலில் அதற்கு நன்றி சொல்வேன். பிறகு, பெயர்கூட வைக்கப்படாமல் போன பேச்சியின் அந்தப் பிள்ளைக்காகத் துஆ கேட்பேன். அது எங்கே இருக்கிறது என்று கேட்டால் பேச்சி ஒன்று சொல்வாள், நான் ஒன்று சொல்வேன். யாரிடம் இருக்கிறது என்பதில் எங்களுக்குள் சண்டையே இல்லை.